ஓசி கேலரி காலியாகிறது!

ஞாயிற்றுக்கிழமை மைதானங்களில் ஆட்டம் குறையவில்லை. நின்று பார்க்கிற கூட்டம்தான் கரைகிறது. அதனால் யாருக்கு நட்டம்? அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்கச் சென்னை மைதானங்களைச் சுற்றியதில் கிடைத்த கதை இது.

பந்து வானத்துக்குப் போனது. "என்னுது... என்னுது!" என்று மூன்று திசையிலிருந்து குரல். மஞ்சள் பனியன் போட்ட பையன் முந்திக்கொண்டு ஓடி, தரையைத் தொட ஒரு முழம் இருக்கும்போது அள்ளிவிட்டான். அடித்தவர் தலையில் கைவைத்தார். போட்டவர் துள்ளினார். அப்புறம்தான் தெரிந்தது, மஞ்சள் பனியன் அந்த ஆட்டத்திலேயே இல்லை. பக்கத்து ஆட்டத்தில் பாயின்ட்டில் நிற்கிறவன். பழக்கதோஷத்தில் பிடித்துவிட்டான்.

"கேட்ச் கேட்ச்தானே, அவுட்டு!"

"உங்க டீம் ஆளாடா அவன்?"

வாய்த்தகராறு தள்ளுமுள்ளாக மாறுவதற்குள், வேலியோரம் மடக்கு நாற்காலியில் இருந்த அம்மா குரல் கொடுத்தார். "டெட் பால் தம்பி. திரும்பப் போடச் சொல்லு. ரன்னும் கிடையாது, அவுட்டும் கிடையாது."

இரண்டு அணியும் திரும்பிப் பார்த்தன. பருத்திப் புடவை, மடியில் குடை, நெற்றியில் வியர்வையில் கரைந்த குங்குமம். "ஆன்ட்டி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று ஒருவன் சிரித்தான். ஆட்டம் தொடர்ந்தது. மஞ்சள் பனியன் தன் ஆட்டத்துக்குத் திரும்பிப்போய்ப் பார்த்தால், அவன் இல்லாத இடைவெளியில் அங்கே ஒரு பவுண்டரி போயிருந்தது.

காலை ஏழு மணி. தி.நகர் சோமசுந்தரம் மைதானம். மாநகராட்சித் திடல் ஒன்றுக்குள் எட்டுப் பத்து ஆட்டங்கள் பின்னிக்கொண்டு நடக்கிற இடம். ஓர் அணியின் லாங் ஆன், அடுத்த அணியின் விக்கெட் கீப்பருக்கு முதுகு காட்டி நிற்கிறார். யாருடைய பந்து யாருடையது என்று எப்படித்தான் தெரிகிறதோ, எல்லாருக்கும் தெரிகிறது. "மாங்கா போடாதடா" என்று ஒரு மூலையில் சத்தம். கையை மடக்கி எறிகிறானாம். "டொக்கு வைக்காத, ஓவர் முடியுது" என்று இன்னொரு மூலையில். ஆள் குறைந்த இடத்தில் ஒரு பையன் 'காமன்', அதாவது இரண்டு பக்கமும் அவனே ஃபீல்டிங்.

அம்மா வளர்ந்தது பெரம்பூர் ஐ.சி.எஃப். குடியிருப்பு. 1955-இல் தொடங்கிய ரயில்பெட்டித் தொழிற்சாலையில் தாத்தாவுக்கு வேலை. வார இறுதியில் தொழிற்சாலை அணி ஆடும்போது குடியிருப்பே சுவரோரம் நிற்குமாம். டிக்கெட் கிடையாது, நாற்காலி கிடையாது. எங்கள் வீட்டில் அதற்கு ஓசி கேலரி என்று பெயர். ஸ்கோர் எழுத அம்மாவுக்குப் பெரிய மாமா கற்றுக்கொடுத்தது அந்தச் சுவரோரத்தில். மெய்டன் ஓவர் என்றால் ஆறு புள்ளிகளையும் கோட்டால் இணைத்து ஆங்கில 'எம்' ஆக்கிவிட வேண்டும் என்பதை அம்மா இன்றைக்கும் காற்றில் விரலால் போட்டுக் காட்டுவார்.

ஆசிரியர் குழுவில் தலைப்பு பேசியபோது எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: தெருக்கிரிக்கெட் செத்துவிட்டதா? சோமசுந்தரத்துக்கு ஒரு ஞாயிறு வந்தால் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். சாகவில்லை. நெரிசலில் மூச்சு முட்டுகிறது. ஆனால் அத்தனை ஆட்டத்துக்கும் சேர்த்து, ஆடாமல் சும்மா பார்த்துக்கொண்டிருந்தவர்களை எண்ண இரண்டு கை விரல் போதும். அதில் இருவர் நாங்கள். ஒருவர் டீக்காரர்.

சைக்கிளில் வந்த வாஷிங்டன்

பார்க்கிறவன் இல்லாவிட்டால் ஆட்டத்துக்கு என்ன கெட்டுப்போகும் என்று கேட்கலாம். திருவல்லிக்கேணிக்காரர்களிடம் கேட்டால் ஒரு பெயர் சொல்வார்கள். பி.டி.வாஷிங்டன்.

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். கிரிக்கெட் பைத்தியம். மெரினா மைதானத்தில் பையன்கள் ஆடுவதை ஓரமாக வந்து நின்று பார்ப்பார். அப்படிப் பார்த்ததில் எம்.சுந்தர் என்கிற பையனின் ஆட்டம் அவருக்குப் பிடித்துப்போனது. வீட்டில் வசதி இல்லை என்று தெரிந்ததும் சீருடை வாங்கித்தந்தார். பள்ளிக் கட்டணம் கட்டினார். புத்தகம் வாங்கிக் கொடுத்தார். தன் சைக்கிளிலேயே உட்காரவைத்து மைதானத்துக்கு அழைத்துப் போனார். சுந்தர் தமிழ்நாடு ரஞ்சி உத்தேச அணி வரைக்கும் வந்தார். அந்தப் பெரியவர் 1999-இல் காலமானார். அதே ஆண்டு அக்டோபரில் சுந்தருக்கு மகன் பிறந்தான். காதில் சாமி பெயரை ஓதினாலும், வைக்கப்போகும் பெயரை அப்பா முன்பே முடிவு செய்திருந்தார். வாஷிங்டன் சுந்தர் என்ற பெயருக்குப் பின்னால் அமெரிக்க அதிபர் யாரும் இல்லை. மைதான ஓரத்தில் ஓசியில் ஆட்டம் பார்த்த ஒரு மனிதர் இருக்கிறார்.

இன்னொருவர் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் தங்கராசு நடராஜன். அப்பா விசைத்தறித் தொழிலாளி, அம்மா சாலையோரக் கோழிக்கறிக் கடை. இருபது வயது வரை டென்னிஸ் பந்துதான். ஊர்ப் போட்டிகளில் அவர் வீசுவதைக் கவனித்து, "இங்கே இருந்தால் இதோடு போய்விடுவாய்" என்று புரியவைத்துச் சென்னைக்குக் கூட்டிவந்தவர் அதே ஊரின் ஜெயப்பிரகாஷ். நான்காம் டிவிஷனில் பி.எஸ்.என்.எல். அணி, பிறகு விஜய் கிரிக்கெட் கிளப், ஜாலி ரோவர்ஸ் என்று ஏறி, 2015 ஜனவரியில் ரஞ்சி. பந்துவீசும் முறையில் சந்தேகம் கிளம்பி ஒதுங்க நேர்ந்தும் மீண்டு வந்தார். கையில் 'ஜே.பி.' என்று பச்சை குத்திக்கொண்டிருக்கிறார்.

2021 ஜனவரி 15, பிரிஸ்பேன் காபா மைதானம். இந்திய அணிக்கு அன்றைக்கு இரண்டு புதிய டெஸ்ட் தொப்பிகள். ஒன்று நடராஜனுக்கு, மற்றது வாஷிங்டனுக்கு. முதல் இன்னிங்ஸில் இருவரும் ஆளுக்கு மூன்று விக்கெட். வாஷிங்டன் 62 ரன் எடுத்து, ஷர்துல் தாக்கூரோடு ஏழாவது விக்கெட்டுக்கு 123 சேர்த்தார். 1988-க்குப் பிறகு ஆஸ்திரேலியா அங்கே முதன்முறையாகத் தோற்றது அந்த டெஸ்ட்டில்தான். தேர்வுக்குழு, அகாடமி, பயிற்சியாளர் எல்லாருக்கும் அந்த வெற்றியில் பங்கு உண்டு. ஆனால் இருவர் கதையிலும் முதல் அடி எடுத்து வைத்தவர் கோட்டுக்கு வெளியே நின்றவர். அவரைச் சம்பளத்துக்கு நியமிக்க முடியாது.

■ மரத்தடியில் தொடங்கிய கதை

● மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1846-இல் உருவானது. வெள்ளையர்களுக்கான கிளப்.

● சேப்பாக்கத்தில் ஆட வரும் இந்தியர்களுக்குப் பெவிலியனில் இடமில்லை, மரத்தடிதான். இதைச் சகிக்காத மோதவரப்பு வெங்கடமகிபதி நாயுடு என்கிற புச்சி பாபு, 1888-இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். 1908-இல் மறைந்தார். அவர் பெயரில் போட்டி இன்றும் நடக்கிறது.

● நாட்டின் முதல் ரஞ்சிக் கோப்பை ஆட்டம் 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில், சென்னைக்கும் மைசூருக்கும் நடந்தது. ஏ.ஜி.ராம்சிங் 11 விக்கெட் எடுக்க, ஒரே நாளில் முடிந்துபோனது!

வெள்ளைச் சட்டை, வெறும் திண்ணை

பத்து மணிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தது கீழ் டிவிஷன் லீக் ஆட்டம் ஒன்றுக்கு. வெள்ளை உடை, சிவப்புப் பந்து, இரண்டு அம்பயர், ஒரு ஸ்கோரர். சோமசுந்தரத்தின் இரைச்சலிலிருந்து வந்த காதுக்கு மட்டையில் பந்து படும் ஓசை கணீரென்று கேட்டது. காரணம் எளிது. வேறு சத்தமே இல்லை.

சென்னை லீக் என்பது விளையாட்டுப் பக்கத்தில் நான்கு வரியில் முடிந்துபோகும் சமாசாரம். ஆனால் இந்தியாவுக்கு ஆட்டக்காரர்களை அனுப்பிக்கொண்டே இருக்கும் ஊற்று அது. முதல் டிவிஷன் அணிகள் பாளையம்பட்டி ராஜா கேடயத்துக்கு மோதுகின்றன. அதற்குக் கீழே படிப்படியாக மற்ற டிவிஷன்கள். கட்டடக் கலைஞர் வேலையை விட்டுவிட்டு வந்த வருண் சக்கரவர்த்தி, 2017-18 பருவத்தில் நான்காம் டிவிஷனில் ஜூபிலி கிளப்புக்காக 31 விக்கெட் எடுத்தார். 2018 டிசம்பர் ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் அணி அவரை 8.4 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அந்த 31 விக்கெட்டை நேரில் பார்த்தவர்களைக் கூப்பிட்டால் ஒரு ஷேர் ஆட்டோ நிரம்புமா?

ஒரு காலத்தில் இந்த ஆட்டங்களுக்குத் தானாகக் கூட்டம் சேர்ந்தது. வங்கிகள், ரயில்வே, ஐ.சி.எஃப்., பாரி கம்பெனி என்று அலுவலகங்கள் அணி வைத்திருந்தன. விளையாட்டுக்காரருக்கு வேலை கிடைத்தது, அலுவலகத்துக்கு ஓர் அணி கிடைத்தது. அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் லெட்ஜர் எழுதுகிற ஆள் சனிக்கிழமை ஐந்து விக்கெட் எடுத்தால், திங்கட்கிழமை கேன்டீன் முழுக்க அதே பேச்சு. நம்ம செக்‌ஷன் ஆள் என்பதற்காகவே குடும்பத்தோடு போய் நின்றார்கள். இப்போது பெரிய கிளப்புகளைப் பெரிய நிறுவனங்கள் நடத்துகின்றன. 1966-லிருந்து ஜாலி ரோவர்ஸ் சன்மார் குழுமத்தின் கையில். வெளி மாநில ஆட்டக்காரர்கள் வந்து ஆடுகிறார்கள். ஆட்டத்தின் தரம் உயர்ந்தது உண்மை, அதில் எனக்குப் புகார் இல்லை. நம்ம செக்‌ஷன் ஆள்தான் காணாமல் போனார், கூடவே அவரைப் பார்க்க வந்தவர்களும்.

மதிய இடைவேளையில் அம்மா ஸ்கோரர் மேசைக்குப் போய்விட்டார். கல்லூரிப் பையன். ஒருபக்கம் நோட்டு, மறுபக்கம் போன். "இடது கைக்காரர் வந்ததும் அந்த ஸ்லிப்பை எடுத்தது தப்புப்பா, அடுத்த பந்தே அங்கதானே போச்சு?" என்று அம்மா ஆரம்பிக்க, அவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். மைதானத்தில் இப்படி ஒரு பேச்சு கேட்டு நாளாகியிருக்கும் போல. அடுத்த அரைமணி நேரம் அவர்கள் இருவரும் பேசினார்கள், நான் எலுமிச்சை சாதம் சாப்பிட்டேன்.

இந்த வெட்டிப் பேச்சை லேசாக எடைபோட முடியாது. 1999 ஜனவரி 31. சேப்பாக்கம் டெஸ்ட். டெண்டுல்கர் 136 அடித்தும் இந்தியா 12 ரன்னில் பாகிஸ்தானிடம் தோற்றது. தோல்வியின் கனத்தில் ஒரு நிமிடம் உறைந்த அரங்கம், பிறகு எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டியது. அவர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடிவந்து நன்றி சொன்னார்கள். விவரம் தெரிந்த சென்னைக் கூட்டம் என்று உலகமே எழுதியது. விவரம் ஆகாயத்திலிருந்து விழுந்ததா? வானொலியில் அப்துல் ஜப்பார் போன்றவர்களின் தமிழ் வர்ணனை கொடுத்தது கொஞ்சம். லீக் மைதானத் திண்ணைகளில், பக்கத்தில் உட்கார்ந்த முகம் தெரியாத பெரியவர் சொல்லிக்கொடுத்தது மிச்சம். எதிரணி நன்றாக ஆடினால் கைதட்டும் பழக்கம், இரண்டு அணியுமே நமக்கு அந்நியமான ஓர் ஆட்டத்தைப் பார்க்கும்போதுதான் படியும். நம் அணி ஆடுவதை மட்டுமே டி.வி.யில் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு அந்தப் பாடம் கிடைக்க வழியில்லை. இப்போது விக்கெட் விழுந்தால் எதிரணி வீரரின் குடும்பம் வரை சமூக ஊடகத்தில் திட்டு வாங்குகிறது.

ஊர்ப் போட்டி: மைக்கும் மல்லுக்கட்டும்

சென்னையை விட்டு வெளியே போனால் காட்சி மாறுகிறது. சம்பா அறுத்த வயல், வற்றிய ஏரி, பள்ளிக்கூடத் திடல், இவைதான் அரங்கம். பொங்கலுக்கோ கோயில் திருவிழாவுக்கோ தொடர்போட்டி. நோட்டீஸில் முதல் பரிசு கொடுப்பவர் பெயர் தொடங்கி, பந்து வாங்கித் தருபவர் பெயர் வரைக்கும் இருக்கும். சில ஊர்களில் ரொக்கத்தோடு ஆட்டுக்கிடாவும் பரிசு. கீற்றுக்கொட்டகையில் மைக். ஆடுகிறவனை விட மைக்கில் பேசுகிறவருக்கு ரசிகர் அதிகம்.

இங்கே கூட்டம் இன்னும் இருக்கிறது. அதுவே மூன்றாவது அம்பயர். ஆடும் அணிகளிலிருந்தே அம்பயர் நிற்பதால் அவர் கை யார் பக்கம் சாயும் என்று எல்லாருக்கும் தெரியும். "நோ பால்டா, நாங்க பாத்தோம்" என்று நாற்பது பேர் வரப்பிலிருந்து சொன்னால், அம்பயரால் முழுப்பொய் சொல்ல முடியாது. எல்.பி.டபிள்யூ. கிடையாது என்ற விதியும் அனுபவத்தில் பிறந்ததுதான்.

ஆனால் அந்தக் கூட்டத்தைப் புனிதப்படுத்தவும் எனக்கு மனமில்லை. கோட்டுக்கு வெளியே யார் எங்கே நிற்பது என்பதிலும் ஊர், காலனி என்ற கோடு இருக்கிறது. தெருவுக்கு ஓர் அணி என்பது கேட்க அழகு. எந்தத் தெருப் பையனுக்கு எந்த அணியில் இடமில்லை என்று கேட்டால் அழகு போய்விடும். தமிழரசன் பச்சமுத்து இயக்கிய 'லப்பர் பந்து' 2024 செப்டம்பரில் வந்தபோது ஊர் ஊராகக் கொண்டாடப்பட்டதற்கு அட்டகத்தி தினேஷின் 'கெத்து' மட்டும் காரணமாக இருக்க முடியாது. திறமை இருந்தும் சாதி பார்த்து வெளியே நிறுத்தப்பட்டவனின் வலியை, கிரிக்கெட் ஆடிய ஒவ்வொரு ஊரும் எங்கோ பார்த்திருந்தது. பார்த்துவிட்டுச் சும்மாவும் இருந்தது. 2007-இல் வெங்கட் பிரபுவின் 'சென்னை 600028' நம்மைச் சிரிக்கவைத்த அதே தெருக்கிரிக்கெட்தான், பதினேழு ஆண்டு கழித்து இந்தக் கேள்வியோடு திரும்பி வந்தது.

ஆளாளுக்குப் பணம் போட்டு ஆடும் பெட் மேட்ச்சிலும் கூட்டத்தின் கதை இதேதான். பந்தயம் ஏறினால் பத்து பெரியவர்கள் நடுவில் புகுந்து பிரித்துவிடுவார்கள். பெரியவர்கள் வராத மைதானத்தில் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவருகிறார்கள்.

■ எந்தப் பந்து, எவ்வளவு கனம்?

● லெதர் பந்து: ஆண்கள் ஆட்டத்துக்கு 156 முதல் 163 கிராம் வரை. பெண்களுக்கு 140 முதல் 151 கிராம்.

● டென்னிஸ் பந்து: ஏறத்தாழ 56 முதல் 59 கிராம். இதன் கனமான வகைதான் பெரும்பாலான தொடர்போட்டிகளில் ஓடுகிறது.

● ஸ்டம்பர் பந்து: கெட்டியான ரப்பர் வகை. பட்டால் தழும்பு.

● கார்க் பந்து: லெதர் வாங்கக் காசில்லாதவர்களின் லெதர். மட்டை நாசமாகும்.

வலைக்குள் பேரன், வாசலில் பாட்டி

சாயங்காலம் வேளச்சேரிப் பக்கம். அண்ணன் மகன் அலுவலக நண்பர்களோடு டர்ஃபில் ஆடுகிறான் என்று அம்மா பார்க்கக் கிளம்பினார். நான்கு பக்கமும் தலைக்கு மேலும் பச்சை வலை. செயற்கைப் புல், பகல் போன்ற விளக்கு. மாலை நேரத்தில் இப்படிப்பட்ட பல இடங்களில் மணிக்கு ஆயிரம் ரூபாய்க்குக் குறையாது. காசைப் பிரித்துப் போனிலேயே கட்டிவிடுகிறார்கள். எட்டு மணி என்றால் எட்டு மணி, அடுத்த குழு வாசலில் நிற்கிறது.

பார்க்க வந்தவர்கள் எங்கே உட்காருவது? வரவேற்பறையில் ஒரு சோபா இருந்தது. அங்கிருந்து தெரிவது சுவர். வலையோரம் நிற்கலாம் என்றால் வண்டி நிறுத்துமிடம். அம்மா என் ஸ்கூட்டர் சீட்டில் உட்கார்ந்து, இரண்டு கார்களுக்கு நடுவே தெரிந்த சந்தில் பேரனின் ஆட்டத்தைப் பார்த்தார். அவன் வலையில் அடித்த பந்துக்கு நான்கு ரன்னா ஆறு ரன்னா என்று அவருக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

டர்ஃபைத் திட்டுவது சுலபம். இருட்டிய பிறகு ஆட இடம், குழியில்லாத தரை, வேலைக்குப் போகும் பெண்கள் பயமில்லாமல் வந்துபோக ஒரு வசதி, இதெல்லாம் அது கொடுத்ததுதான். ஆனால் அதன் கணக்கில் காசு கட்டியவர் மட்டும்தான் ஆள். பந்து பொறுக்கிப்போடும் சிறுவன், "அண்ணா ஒரு ஓவர்" என்று கெஞ்சும் பொடியன், வேலை முடிந்து வரும் வழியில் பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு ஓவர் பார்க்கிறவர் யாருக்கும் அங்கே இடமில்லை. பொடியன்கள் ஆட்டம் கற்றது அந்த ஒரு ஓவரில்தான். மேற்கு மாம்பலம் தெருவில் அப்படி வளர்ந்த அஸ்வின், 2024-இல் வந்த தன் வாழ்க்கைக் கதையின் தலைப்பிலேயே தெருவைச் சேர்த்துக்கொண்டார்.

இந்தக் கணக்கு பொதுத் திடலுக்குள்ளும் நுழையப் பார்த்தது. 2024 அக்டோபர் இறுதியில் சென்னை மாநகராட்சி, தன் ஒன்பது செயற்கைப்புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலிக்கத் தீர்மானம் போட்டது. எதிர்ப்பு வெடித்தது. கையோடு தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது. கால்பந்து தப்பியதால் கிரிக்கெட்டும் தப்பியதாக அர்த்தமில்லை. பராமரிப்புச் செலவு என்ற காரணம் அப்படியே இருக்கிறது, அது நியாயமான காரணமும்கூட. ஆளில்லாத திடல் என்றால் அதை எடுத்துக்கொடுப்பது இன்னும் சுலபம். தினமும் ஐம்பது பேர் உட்கார்ந்து பார்க்கிற இடத்தில் பூட்டுப் போட, எந்தக் கவுன்சிலரும் யோசிப்பார்.

"எங்கேடி போறது?"

நாள் முழுக்க அம்மா என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டது கிரிக்கெட் சந்தேகம் அல்ல. "பாத்ரூம் எங்கேடி?" காலையில் போன மைதானத்தில் கழிப்பறைக் கதவு பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. அடுத்த இடத்தில் ஆண்களுக்கு மட்டும். பதினொரு மணிக்கு மேல் அம்மா தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார். வெயிலில் உட்கார்ந்திருக்கும் சர்க்கரை நோயாளி தண்ணீர் குடிக்காமல் இருப்பது எவ்வளவு ஆபத்து என்று வீட்டில் வாதிடுகிறவர் அவர்தான்.

ஓசி கேலரியில் பெண்கள் ஏன் இல்லை என்று ஆராய்ச்சி செய்ய வேண்டாம். ஒரு கழிப்பறை, ஒரு நிழல், சாய்ந்து உட்கார ஒரு பெஞ்ச். மூன்றும் இல்லாத இடத்துக்கு ஆண் வருவான், நின்றபடி பார்ப்பான், சுவரோரம் ஒதுங்குவான். பெண் வர மாட்டாள். அம்மா வராத இடத்துக்கு மகளும் வர மாட்டாள். உலகக் கோப்பையில் சதமடித்த முதல் இந்தியப் பெண் சென்னைக்காரர். 2013 ஜனவரி 31-இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 100 அடித்த திருஷ் காமினி. 2024 டிசம்பரில் நடந்த மகளிர் லீக் ஏலத்தில் பதினாறு வயது ஜி.கமலினியை மும்பை அணி 1.6 கோடிக்கு எடுத்தது. இந்தச் செய்திகளைப் படித்துவிட்டு மகளை மைதானத்துக்குக் கூட்டிவருகிற அம்மா முதலில் தேடுவது மட்டையை இல்லை, பூட்டாத கதவை.

அகாடமிகளில் பெற்றோர் கூட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் அவர்கள் பார்ப்பது தம் பிள்ளையை மட்டும். மகன் அவுட் ஆனதும் கிட் பையைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போகிற அப்பாவை அன்றைக்கு நாங்களே பார்த்தோம். மிச்சம் இருபது ஓவர் இருந்தது. அம்மாவுக்குத் தாங்கவில்லை. "அந்தப் பையன் ஃபீல்டிங் பண்ண வேண்டாமா?" மாற்று ஆள் இறங்கிவிட்டானாம். ஒருவருக்கொருவர் உறவில்லாத பையன்களை ஒரே கண்ணால் பார்க்கிற அந்நியர் இருந்தால்தான் இன்னொரு பி.டி.வாஷிங்டன் சாத்தியம். பெற்ற அப்பாவிடம் அந்தக் கண்ணை எதிர்பார்க்க முடியாது.

போனில் ஸ்கோர், வாசலில் பூட்டு

கூட்டம் முழுக்கக் காணாமல் போகவில்லை, இடம் மாறிவிட்டது என்றும் ஒரு வாதம் உண்டு. பாதி உண்மை. இன்றைக்கு ஊர்ப் போட்டிக்குக்கூட யூடியூப் நேரலை வந்துவிட்டது. கிரிக்ஹீரோஸ் போன்ற செயலிகளில் நான்காவது தெரு அணியின் ஓப்பனருக்கும் சராசரி, ஸ்ட்ரைக் ரேட் எல்லாம் உண்டு. துபாயில் வேலை பார்க்கும் பையன் தன் ஊர் அணியின் இறுதி ஆட்டத்தை அறையிலிருந்தே பார்க்கிறான். 2024 மார்ச்சில் டென்னிஸ் பந்துக்கென்றே தானே நகரில் பத்து ஓவர் லீக் நடந்தது, ஆறு அணிகளோடு. சென்னை சிங்கம்ஸ் அணிக்கு உரிமையாளர் நடிகர் சூர்யா. டென்னிஸ் பந்து ஆடியே பணமும் பெயரும் சம்பாதிக்கலாம் என்ற நிலை பத்து ஆண்டுக்கு முன் கனவில்கூட இல்லை.

செயலி எண்களைக் காட்டும். முதல் ஓவரில் இரண்டு கேட்ச் விட்டும் முகம் சுளிக்காமல் மூன்றாவதுக்கு ஓடியவனைக் காட்டாது. கிழிந்த ஷூவைக் காட்டாது. சுந்தருக்கு ஸ்கோர் மட்டும் பார்த்து யாரும் பள்ளிக் கட்டணம் கட்டியிருக்க முடியாது. நேரலையில் கத்துகிறவர் இருக்கிறார். ஆடும்போது ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தால் ஓடிவந்து 108-க்கு அடிக்கிறவரும், கேட்டைத் திறந்து வண்டியை உள்ளே விடுகிறவரும் அங்கே நேரில் இருக்க வேண்டும்.

நூறு பேருக்கு இடம்

பெரிதாக என்ன வேண்டும் என்று அம்பயர், ஸ்கோரர், டீக்காரர் என்று எல்லாரிடமும் கேட்டு வைத்தேன். அரங்கம் கட்டச் சொல்லவில்லை. வேலியோரம் நான்கு புங்கமரம், சிமெண்டுப் பெஞ்ச், திறந்திருக்கும் கழிப்பறை, அன்றைக்கு யார் யாரோடு ஆடுகிறார்கள் என்று வாசலில் ஒரு கரும்பலகை. கரும்பலகையைச் சொன்னவர் டீக்காரர். "எந்த மேட்ச்னு தெரிஞ்சா நின்னு பாப்பாங்க. நின்னா டீ குடிப்பாங்க" என்றார். மாநகராட்சிப் பொறியாளர் தயாரிக்கும் எந்தத் திட்ட அறிக்கையைவிடவும் இது எனக்குத் தெளிவாகப் பட்டது.

இதை ஏற்கெனவே செய்துகாட்டிய ஓர் இடம் இருக்கிறது. சின்னப்பம்பட்டியில் நடராஜன் தன் சொந்த முயற்சியில் மைதானம் அமைத்து, 2023 ஜூனில் தினேஷ் கார்த்திக்கை வைத்துத் திறந்தார். நடுவில் நான்கு ஆடுகளம், பயிற்சிக்கு இரண்டு, சின்ன உடற்பயிற்சிக்கூடம், கேன்டீன். அதோடு நிறுத்தவில்லை. இன்னொன்றையும் சேர்த்துக் கட்டினார்: நூறு பேர் உட்கார்ந்து பார்க்க ஒரு கேலரி.